எங்கடை பெடியன்

சோமசேகரம் மாஸ்ரரின் மோட்டார் சைக்கிள் உரும்பிராய்த் தோட்டத்து வரம்பில் வந்து நின்றபோது பஞ்சலிங்கம் வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்காக அவன் அடித்த கோல்களைப் பட்டணத்துக் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியரான அவர் பார்த்திருந்தார்.

"பெடியனை எங்களிட்டைத் தாங்கோ. ஹொஸ்ரல், சாப்பாடு, சப்பாத்து எல்லாம் கல்லூரி பாக்கும். ஓ.எல். சோதினை பாஸ் பண்ண வைச்சுத்தான் அனுப்புவம். இனி இவர் எங்கடை பெடியன்."

"ஓம் ஐயா," என்றாள் தாய் நல்லம்மா. "கதிரையிலை இருந்து செய்யிற ஒரு உத்தியோகம் கிடைச்சாக் காணும். என்னைப்போலை குந்தியிருந்தே சாகக் கூடாது."

அது எண்பத்துமூன்றாம் ஆண்டின் தொடக்கம்.

காலையிலும் மாலையிலும் பயிற்சி. வகுப்பில் அவன் தூங்கினான், ஒருவரும் எழுப்பவில்லை. "கணக்கு விளங்கேல்லை சேர்" என்று ஒருநாள் சொன்னபோது, "உனக்கேன்ரா கணக்கு? கோலை எண்ணத் தெரிஞ்சாப் போதும்" என்று மாஸ்ரர் முதுகில் தட்டினார். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அடுத்த வருடம் அரையிறுதி ஆட்டத்தில் முழங்கால் திருகிப்போனது. நடக்கவே கூடாது என்றார் ஆசுபத்திரி டொக்டர். மாஸ்ரர் அவனை எண்ணெய் போடுகிற பரியாரியிடம் கொண்டுபோனார். நல்லம்மா கோயில் நூலைக் காலில் கட்டி, கோப்பை கிடைத்தால் மகன் காவடி எடுப்பான் என்று நேர்ந்தாள். படித்தவரும் படியாதவளும் ஒரு டொக்டரின் சொல்லைத் தள்ளிவைக்க எவ்வளவு எளிதாக ஒன்றுபட்டார்கள்!

இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலை அவன்தான் அடித்தான். அடித்த இடத்திலேயே விழுந்தான். கோப்பை கல்லூரிக்குப் போனது, நன்றி முருகனுக்குப் போனது. வீங்கிய காலோடு காவடியும் ஆடி முடித்தான். அதன்பிறகு அந்த முழங்கால் மடங்கவேயில்லை.

ஓ.எல். பெயில். விடுதிக் கட்டிலில் வேறொருவன் படுத்திருந்தான். இன்னொரு தரம் படித்து எழுத இடம் கேட்டு அதிபரின் அறை வாசலில் நின்றான்.

"உவன் ஆர்?" என்று உள்ளே அதிபரின் குரல் கேட்டது.

"உவன் ஒரு உரும்பிராய்ப் பெடியன் சேர்," என்றார் சோமசேகரம் மாஸ்ரர். "விளையாட வந்தவன்."

பஞ்சலிங்கம் மேலே கேட்காமல் பஸ் ஏறினான்.

தோட்டத்தில் நடுவதும் களை பிடுங்குவதும் கிண்டுவதும் குந்தியிருந்து செய்கிற வேலைகள். அவனால் குந்த முடியவில்லை. கிண்டிய வெங்காயத்தைப் பிடியாக முடிகிற வேலையைக் கொடுத்தார்கள். நல்லம்மா வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து வரம்பில் போட்டாள். அவன் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"பாருங்கோடி, துரை கதிரையிலை இருந்து உத்தியோகம் பாக்கிறார்!" என்றாள் பக்கத்துப் பாத்தியில் நின்ற இராசாத்தி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நல்லம்மா நிமிரவில்லை. குந்தியபடியே அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.