நடுவில் போட்ட வரப்பு

அன்றைக்கு வயலில் இருந்தவர்கள்: அண்ணன், அண்ணி, நான், அளவுச் சங்கிலியோடு வந்த ஊர்த் தலையாரி. நான்கு பேர் முகத்திலும் துணி கட்டியிருந்தது. கொரோனா வந்து ஊர் அடங்கிக் கிடந்த கோடை அது. உளுந்து விற்க வழியில்லாமல் வீட்டில் கிடந்தது. விவசாயிகளுக்கு அரசாங்கம் இரண்டாயிரம் ரூபாய் வங்கியில் போடுகிறது என்றார்கள். எங்களுடைய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், செத்துப்போன அப்பா பெயரிலேயே இருந்தது. அண்ணனும் நானும் ஒன்றாக உழுதோம், ஒன்றாக அறுத்தோம். பெயர் மாற்ற வேண்டும் என்று தோன்றியதே இல்லை. மனு எழுதுகிறவர், "ரெண்டு பேருக்கும் பணம் வேணும்னா தனித்தனிப் பட்டா வேணும். ஆள் வந்து பாப்பாங்க, நடுவுல வரப்பு இருக்கணும்" என்றார். நம்பினோம்.

எங்கள் வீட்டு வழக்கம், மூத்தவர் பிரிப்பார், இளையவர் எடுப்பார். அண்ணன் நட்டநடுவில் முளை அடித்தார். நான் வாய்க்கால் பக்கத்தைக் காட்டினேன். தண்ணீர் வரும் மடை அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அண்ணன் என்னைப் பார்த்தார். "எடுத்துக்கடா" என்றார். அவ்வளவுதான்.

தலையாரி போனதும் மண்வெட்டியை எடுத்தோம். அண்ணன் மேற்கிலிருந்து வந்தார், நான் கிழக்கிலிருந்து. வெடித்துக் கிடந்த மண், பாளம் பாளமாக வந்தது. மோர் கொண்டுவந்த அண்ணி சிரித்தார். "ஊருல அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டு வரப்பு போடுவாங்க. நீங்க என்னடான்னா கதை பேசிக்கிட்டே போடுறீங்க!" பொழுது சாய நடுவில் சந்தித்தோம். அண்ணன் காலால் மண்ணை மிதித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். வேறு என்ன சொல்வார்.

பார்க்க ஆள் யாரும் வரவில்லை. பட்டா மாறிப் பணம் வர மறு வருடம் ஆயிற்று. இரண்டு பேருக்கும் வந்தது.

ஆனால் வரப்பு போட்ட அந்த வருடமே, ஆற்றில் தண்ணீர் விட்ட அன்று அண்ணன் அந்த வரப்பில் நின்று, "தண்ணி விடலாமாடா?" என்று என்னிடம் கேட்டார். அதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மடையைத் திறக்க அவர் யாரைக் கேட்க வேண்டும்? "என்னண்ணே இது" என்றேன். அந்தப் போகம் முழுக்க அவர் கேட்டுக் கேட்டுத்தான் தண்ணீர் பாய்ச்சினார். அறுப்பு முடிந்ததும் அண்ணியோடு பூதலூரிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முட்டி வலி என்றார். "எம் பக்கத்தையும் நீயே பாத்துக்க." ஒவ்வொரு அறுப்புக்கும் போன் வரும். "எம் பக்கம் எத்தனை மூட்டைடா?"

நடவுக்கு வயலில் இறங்கினால் அண்ணன் நிற்கிறாரா என்று இன்னும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். நாற்றுக்கட்டை வீசும்போது "இந்தாடா" என்பார். அந்தக் குரல் இல்லாமல் நடவு நடவு மாதிரி இல்லை.

இந்தச் சம்பாவுக்கு முன்னால் வரப்பை வெட்டிச் சமன் செய்தேன். அவரிடம் கேட்கவில்லை. அறுப்பு முடிந்து நானே போன் போட்டேன்.

"எம் பக்கம் எத்தனைடா?"

"பக்கம் இல்லண்ணே. வரப்ப எடுத்துட்டேன்."

"கிறுக்குப் பயலே, பட்டா என்னாவும்?" என்றார்.

"அது பாட்டுக்கு காயிதத்துல இருக்கட்டும். நீங்க வாங்க."

"முட்டி எங்கடா விடுது. சரி, மொத்தம் எத்தனை?"

வரப்பு போட்ட பிறகு அவர் அப்படிக் கேட்டதே இல்லை. சொன்னேன்.

அறுபத்து நான்கு மூட்டை.