மோட்டார் ஓடும்போது மட்டும்

‘டொக்’ என்ற அந்தச் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். சப்பாத்திக் கட்டையின் நுனியால் அம்மா மோட்டார் சுவிட்சைத் தட்டிவிடும் சத்தம் அது. அதற்குப் பிறகுதான் பின்வாசலில் போர் மோட்டார் உறுமும், மாடித் தொட்டியில் தண்ணீர் விழும், நாங்கள் எழுந்திருப்போம். அந்தக் கட்டையில் ஒரு நாளும் சப்பாத்தி தேய்த்ததில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அது எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்து விளையாடினால் அடி விழும்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது எங்கள் வீடு. அந்த வீட்டில் கரண்ட் என்பது கூடவே குடியிருக்கும் ஒரு கெட்ட மிருகம் போல நடத்தப்பட்டது. ஈரக்கையோடு சுவிட்சுப் பக்கம் போகக் கூடாது. வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். இதைப் பார்த்து உறவுக்காரர்கள் எங்களைத் ‘தொரை வீடு’ என்று கேலி செய்வார்கள். கிரைண்டரில் மாவாட்டும்போது அம்மா ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுகொள்வாள். இடி இடித்தால் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு ஜெபம் செய்வாள். இத்தனைக்கும் காரணம் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு போட்டோ. அதில் இருப்பது அம்மாவின் தம்பி, ஜெயசீலன் மாமா. நான் பிறப்பதற்கு முன்னாலேயே புதூர்ப் பக்கம் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போடப் போய் இறந்துபோனவர் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான், பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்த ‘பிரவுசிங் சென்டரில்’ கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை நாலைந்து முறை ஆடிப் பார்த்து, அதன் மழையும் வளைவும் கனவில் வருகிற அளவுக்குப் பைத்தியமாகியிருந்தேன். அந்த விளையாட்டைத் தாங்குகிற மிஷின் கடையில் தயாராகக் கிடைக்காது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும் என்று வீடியோக்கள் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். தூத்துக்குடி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீயே பூட்டிருவியாட்டி?” என்று கேட்டார். “பூட்டிருவேன்ப்பா” என்றேன்.

மதுரையில் பாகங்களை வாங்கிக்கொண்டு நானும் அப்பாவும் பஸ்ஸில் திரும்பினோம். டிக்கியில் போடச் சொன்ன கண்டக்டரிடம் அப்பா ஏதோ சொல்லிச் சமாளித்தார். மதர்போர்டும் பிராசஸரும் இருந்த பெட்டிகளை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிடித்தேன். வீடியோக்களில் பார்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து பயமுறுத்தியது. பிராசஸர் உட்காரும் குழியில் தலைமுடியை விட மெல்லிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும், ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. நம் உடம்பில் நமக்கே தெரியாமல் ஒரு கரண்ட் சேர்ந்திருக்கும், துணி உரசினாலே சேரும், அதோடு ராம் என்கிற மெமரிப் பட்டையைத் தொட்டால் சத்தமில்லாமல் அது செத்துவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கிற கரண்ட் தங்கியிருக்கும். கடைசியில் சொன்ன இதை மட்டும் அம்மாவிடம் சொல்லவே கூடாது என்று சாத்தூர் தாண்டும்போது முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் கூடத்து மேஜையில் பருத்தித் துண்டை விரித்து வேலையைத் தொடங்கினேன். வீடியோவில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். பாலியஸ்டர் சுடிதாரை விட்டுவிட்டுப் பழைய பருத்திப் பாவாடை சட்டைக்கு மாறினேன். செருப்பைக் கழற்றினேன். பவர் சப்ளையைக் கேபினட் என்கிற வெளிப்பெட்டியில் பூட்டி, அதன் மூன்று முள் பிளக்கைச் சுவரில் செருகி, சுவிட்சைப் போடாமல் விட்டேன். அப்படிச் செய்தால் கேபினட்டின் இரும்பு வீட்டு எர்த் ஒயரோடு சேர்ந்துவிடும், அதை அவ்வப்போது தொட்டுக்கொண்டால் நம் உடம்பில் சேர்ந்த கரண்ட் மண்ணுக்குப் போய்விடும், பாகங்கள் பிழைக்கும்.

அம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரவில்லை. மடியில், துணி காயப்போடும் மூங்கில் கம்பு ஒன்றைக் குறுக்காக வைத்திருந்தாள்.

“எதுக்கும்மா கம்பு?”

“இருக்கட்டும். நீ உன் சோலியப் பாரு.”

என்னைக் கரண்ட் பிடித்தால் தட்டிவிடுவதற்கு என்று இருவருக்கும் தெரியும். பிராசஸரின் மூலையில் இருந்த முக்கோணக் குறியைக் குழியின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல், அதன் கனத்திலேயே உட்காரும்படி விட்டேன். பிறகு அதன் மேல் கொக்கியை இழுத்து மாட்டும்போது ‘கரக்’ என்று எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வரும் என்று தெரிந்திருந்தும், கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தேன். ஒன்றும் உடையவில்லை. சூட்டைக் கடத்தும் பசையைப் பட்டாணி அளவு பிதுக்கி, அதன் மேல் விசிறியை வைத்துத் திருகினேன். முதுகில் வியர்வை ஓடியது. ஃபேன் போட்டால் தூசி விழும் என்று அதையும் அணைத்திருந்தேன்.

தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டதென்று அம்மா எழுந்துபோய்க் கட்டையால் மோட்டாரைத் தட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். நான் ராமைக் கையிலெடுப்பதற்கு முன் கேபினட்டின் விளிம்பைத் தொட்டேன். மணிக்கட்டு வரை எறும்பு ஏறினாற்போல ‘சுர்’ என்றது. எனக்கு முதலில் சந்தோஷம்தான். உடம்பில் சேர்ந்திருந்தது போய்விட்டது, வீடியோக்காரன் சொன்னது சரி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ராமை அதன் இடத்தில் அமர்த்தினேன். இரண்டாவதை இடது கையில் எடுத்துக்கொண்டு, வலது கையால், இந்த முறை விரல் முழுக்கப் படும்படி, கேபினட்டைப் பிடித்தேன்.

தோள் வரை யாரோ வெடுக்கென்று இழுத்து உதறினார்கள். ராம் கைநழுவித் தரையில் விழுந்து தெறித்தது. நான் சுவரில் மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்தினேனா என்று தெரியவில்லை. அம்மா கம்போடு எனக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திட்டு இல்லை, அழுகை இல்லை, ரத்தமே இல்லை.

“சுவிட்சு போட்டிருக்கா?”

“இல்லம்மா. போடவே இல்ல. இங்கன பாரு.”

சுவிட்ச் அணைத்தபடியேதான் இருந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. உயிரே கொடுக்காத மிஷின் எப்படிக் கடிக்கும்? தொட்டி நிரம்பி வெளியே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்க, அம்மா போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். “எப்பிடி இருந்துச்சு? மொதல்லயே இழுத்துச்சா?” என்று கேட்டாள். முதல் தடவை லேசாக ‘எர்த் அடித்ததை’ச் சொன்னேன். காலையில் எத்தனையோ தடவை தொட்டபோது ஒன்றுமில்லை என்றும், இந்த இரண்டு தடவைதான் என்றும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “மோட்டார் ஓடும்போது மட்டும்” என்று தனக்குள்ளே சொன்னாள். நேராக நடந்துபோய், கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தொடாத மெயின் சுவிட்சைக் கட்டையால் தட்டிக் கீழே இறக்கினாள். பிரிட்ஜின் முனகல் நின்றது. என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசல்படியில் வைத்துத்தான் அவள் மாமாவைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னாள். “பைப்பத் தொட்டா எர்த் அடிக்கி, அக்கான்னு ரெண்டு மூணு தடவ சொன்னான். எல்லாரும் சிரிச்சாவ. இவனுக்கு வேல செய்ய வலிக்கின்னு அப்பா சொன்னாவ. நானும் சேந்து சிரிச்சேன்.” வெயில் முகத்தில் அடித்தும் நகராமல் இருந்தோம்.

சாயங்காலம் வந்த அப்பா, வீடு இருட்டிக் கிடப்பதைப் பார்த்து நடந்ததைக் கேட்டதும், கம்ப்யூட்டர் மேல்தான் பாய்ந்தார். “அந்தச் சனியனக் கட்டிப் பரண்ல போடு” என்றார். நான் அழத் தொடங்கினேன். அம்மா சொன்னாள்: “அது ஒண்ணும் செய்யல. வீட்ல இருந்தது நமக்குத் தெரியல, அது சொல்லிருக்கு. நாளைக்கு ஆள் வந்து பாக்காம மெயினப் போட விடமாட்டேன்.”

மறுநாள் எலக்ட்ரீசியன் தங்கதுரை அண்ணாச்சி வந்து மெயினைப் போட்டு, கேபினட்டில் டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. “புதுசுல்லா, கம்ப்யூட்டர்னா லேசா எர்த் அடிக்கத்தான் செய்யும் தங்கச்சி, பயப்படாதீய” என்று டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகினார். எனக்குத் திக்கென்றது, அவர் போய்விட்டால் எல்லாரும் சிரித்துவிடுவார்கள் என்று தோன்றியது. அம்மா வழியை மறித்து நின்றாள். “அண்ணாச்சி, நான் மோட்டாரப் போடுதேன். அதுக்கப்புறம் வச்சுப் பாருங்க.”

மோட்டார் உறுமியதும் டெஸ்டர் சிவப்பாக எரிந்தது. பிரிட்ஜில் வைத்தார், எரிந்தது. கிரைண்டரில் வைத்தார், எரிந்தது. அண்ணாச்சி உடனே போய் மெயினை இறக்கிவிட்டு மோட்டார் பெட்டியைத் திறந்தார். உள்ளே எலி கடித்துத் தோலுரிந்த ஒயர் ஒன்று இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போயிருந்தால் ஃபியூஸ் அன்றைக்கே போய் விஷயம் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தபோது, கோடையில் கரிசல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் குழாயை விட்டு விலகியிருந்தது. ஒயர் துருப்பிடித்து அறுந்து எப்போதோ தனியாகக் கிடந்தது. போக வழியில்லாத கரண்ட் எர்த் ஒயரிலேயே திரும்பி வந்து வீட்டிலிருந்த இரும்பு எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று அவராலும் சொல்ல முடியவில்லை. கட்டையும் பலகையும் ரப்பர் செருப்பும் இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பாகங்களைக் காப்பாற்ற நான் செருப்பைக் கழற்றினேன், அதனால் தெரிந்தது.

புதுக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, புதுக் குழாய் இறக்கி, கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றையும் மாட்டி முடித்த பிறகுதான் மீதி வேலையைச் செய்ய முடிந்தது. எல்லாம் பூட்டியாகிவிட்டது, பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. என்னால் முடியவில்லை. கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. அன்றைக்கு அம்மா தானாகவே நிலைப்படியைத் தாண்டி மேஜை வரை வந்தாள்.

“தள்ளி நில்லு. நான் அமுக்குதேன். எனக்கு என்ன ஆனாலும் என்னயத் தொடக் கூடாது, கேட்டியா? கம்பு அந்தா இருக்கு.”

என் தலையில் கை வைத்து ஒரு வரி ஜெபம் சொல்லிவிட்டு, விரலால் அழுத்தினாள். விசிறிகள் சுழன்றன. கேபினட்டுக்குள் நீல வெளிச்சம் வந்தது. அம்மா விரலை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றாள். நான் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். திரையில் எழுத்துகள் ஓடின. கீழே விழுந்த ராம் மட்டும் செத்திருந்தது. மீதி ஒன்றை வைத்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கித்தான் அந்தக் கோடை முழுவதும் என் கார்கள் ஓடின.

அந்த மிஷின் இப்போது இல்லை. நான் கல்லூரிக்குப் போன பிறகு பாகம் பாகமாகப் பழுதாகி, கடைசியில் கேபினட்டும் பழைய இரும்புக்குப் போனது. பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் பரோட்டாக் கடை. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு மோட்டார் ஓடுவதே இல்லை. வீட்டைச் சுற்றிக் கல் பாவிவிட்டதால் கரிசல் வெடிப்பைப் பார்க்க நாலு தெரு தாண்டிப் போக வேண்டும். அம்மா இப்போது என்னோடு கோயம்புத்தூரில் இருக்கிறாள். இங்கே யாரும் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை.

என் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரும்பான எதையும் முதலில் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பேன். விரலால் பிடித்தால் கரண்ட் கையை இறுக்கிவிடும் என்று எப்போதோ கேட்டதிலிருந்து வந்த பழக்கம். போன வாரம் நான்கு வயது மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போயிருந்தேன். சறுக்கு மரத்தின் ஏணிக்கு முன்னால் நின்று, பின்னால் பிள்ளைகள் வரிசையில் முண்டிக்கொண்டிருக்க, அவள் நிதானமாகப் புறங்கையைக் கம்பியில் வைத்தாள். ஒன்றும் இல்லை என்றானதும் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவளை யாரும் கேலி செய்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.