பயந்துகொண்டே கணினி பூட்டிய குணா அண்ணன்

செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்தது. காலை ஏழரை மணிக்கு குணா அண்ணனின் மகள் வாட்ஸ்அப்பில் அவருடைய புகைப்படத்தை அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: "அத்தை, அப்பா போயிட்டாரு. மத்தியானத்துக்குள்ள நோட்டீஸ் வேணும்." இறப்பு அறிவிப்புகள் செய்து கொடுப்பது என் தொழில். வயது, வீட்டு முகவரி, மின்சுடலைக்குப் புறப்படும் நேரம் என்று விரல்கள் தாமாகவே அடித்துக்கொண்டு போகும். அன்று 'குணசேகரன்' என்று அடித்ததும் எழுந்து குளியலறைக்குள் போய் அழுதேன். பிறகு வந்து முடித்துக் கொடுத்தேன்.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர், என்னைப் போலவே, ஈப்போ கையுறைத் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்தவர்கள். அவர் பெரிய பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியும், மரியாதையோடுதான் சொல்கிறேன். லிஃப்டில் ஏற மாட்டார். எல்லாரும் கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது, மலையடிவாரத் தாப்பாவில் மூடிய கண்ணை மலை உச்சியில்தான் திறந்தார். சுங்காய்த் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோருக்குப் பயந்து பயந்து வளர்ந்த உடம்பு, இனிமேலா மாறப் போகிறது என்று அவரே சிரிப்பார்.

தொழிற்சாலையை மூடியபோது எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. கணவர் இறந்த பிறகு என் வீட்டில் சம்பாதிக்க நான் ஒருத்திதான். கல்யாணக் கார்டு, பேனர், நோட்டீஸ் செய்யலாம்; நான் வடிவமைப்பேன், அவர் ஆர்டர் பிடிப்பார் என்று முடிவு செய்தோம். தாப்பாவில் ஒரு கல்யாணக் கார்டு வேலை கிடைத்தது. அதே வாரம் என் பழைய மடிக்கணினி கண்ணை மூடியது. மிச்சமிருந்த பணத்தையெல்லாம் போட்டு ஈப்போவில் ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கினோம். கடையில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டித் தரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். கார்டு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். பெட்டிகளைச் சிம்பாங் பூலாயிலிருக்கும் என் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டோம்.

கணினியின் உள்பக்கத்தை நாங்கள் இருவரும் அதுவரை பார்த்ததே இல்லை. கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில் மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கான கம்பிகள். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு என்றார் வீடியோக்காரர். உடம்பிலிருக்கும் மின்சாரம் பாய்ந்தாலும் போச்சாம். அதைக் கேட்டதிலிருந்து அண்ணன் ஒவ்வொரு பாகத்தைத் தொடுவதற்கு முன்பும் அந்த மின்சாரத்தை இறக்க ஜன்னல் கம்பியை ஒரு முறை தொட்டுவிட்டு வந்தார். கெட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை, பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதே என் மனத்தில் ஓடியது. அப்படியே மூடிக் கடைக்கே கொண்டு போய்விடலாம் என்றேன்.

அண்ணன் பிராசசர் பெட்டியைத் திறந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு தங்கச்சி. பயந்துகிட்டே செய்வோம்லா. பயம் போகட்டும்னு காத்திருந்தா தாப்பா பொண்ணுக்குப் புள்ளையே பொறந்துரும்."

நான் தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் பிராசசரை உட்கார வைத்துவிட்டார். ராம் எனும் நினைவகத் தகட்டை நான் மாட்டினேன். ஒரு வழியாக எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைத் தட்டினோம். உள்ளே விசிறி சுழன்றது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டோம். மறுபடியும் கறுப்பு.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு தப்பு செய்துவிட்டதாகச் சொன்னார். புதுக் கார் வாங்கினால் சந்தனம் குங்குமம் வைக்காமல் யாராவது ஓட்டுவார்களா? அந்த நினைப்பில், நான் அடுப்படியில் இருந்தபோது, ராமுக்கு மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டிருக்கிறார். அதுவும் போர்டுக்குள் இறங்கும் தங்கநிற ஓரத்தில்! என் பொறுமை போய்விட்டது. மூளை இருக்கிறதா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவரையே கேட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நானும் கேசிங் பெட்டியில் குங்குமம் வைத்திருந்தேன். வெளிப்பக்கம் வைத்திருந்ததால் தைரியமாகத் திட்டினேன்.

அவர் ராமைக் கழற்றி, என் மகளின் அழிரப்பரால் அந்த ஓரத்தை அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். திரும்ப மாட்டும்போதுதான், முன்பு நான் அதை அரைகுறையாக அமுக்கியிருந்ததையும் கண்டுபிடித்தார். போர்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் விரலை எடுத்திருந்தேன். அதைச் சொல்லிக்காட்டவில்லை. கண்ணை இறுக்க மூடி, முருகா என்று இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார். போர்டு வளைந்தது. 'டக்' என்றது. சுவிட்சைத் தட்டியதும் திரையில் எழுத்து வந்தது. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குற்றம் திருநீற்றுடையதா, என்னுடையதா என்று இன்றுவரை தெரியாது. கார்டு வெள்ளிக்கிழமை தாப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனிச் சொல்ல வேண்டியதுதான் கடினம். இதய அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் சாயங்காலம், மருத்துவமனையிலிருந்து என்னை அழைத்தார். "பயமா இருக்கு தங்கச்சி. வந்து கொஞ்ச நேரம் நில்லு." வேலை குவிந்து கிடக்கிறது, ஆபரேஷன் முடிந்ததும் வருகிறேன் என்றேன். ஒரு வேலையும் இல்லை. என் கணவர் அதே மருத்துவமனையில்தான் இறந்தார். அந்த வாசலைத் தாண்ட எனக்குப் பயம். அது அவருக்குத் தெரியும்.

"பரவால்லலா," என்றார். "நான் பயந்துகிட்டே போயிட்டு வாரேன்."

போனார். ஆனால் கண் விழிக்கவே இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் காலை அந்தப் புகைப்படம் வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது 'பயந்துகொண்டே செய்' என்ற அந்த ஒரு வார்த்தைதான். அவருக்கு நான் தேவைப்பட்ட ஒரே நாளில் அதை மறந்துவிட்டேன். நோட்டீஸை அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் எழவில்லை. பயந்துகொண்டேதான் உள்ளே போய், அவர் தலைமாட்டில், வண்டி வரும்வரை மூன்று மணி நேரம் நின்றேன். அவர் என்னிடம் கேட்டது கொஞ்ச நேரம்தான்.