லயத்துக்கு ஒரு காலிங் பெல்

பதுளை டவுனில் கரண்ட் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பிலோமினா அக்கா போன மாதம் வந்து காலிங் பெல் ஒன்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள், பகலில் ஒருவரும் கதவைச் சாத்துவதில்லை. பக்கத்து வீட்டார் முதல் தோட்டத்து அதிகாரி வரை நினைத்த நேரத்தில் உள்ளே வருவார்கள்.

"யாரு அக்கா லயத்துல பெல் அடிச்சிட்டு வரப் போறாங்க?"

"வரமாட்டாங்கன்னு எனக்கும் தெரியும் தம்பி. சொந்த வீடு தருவாங்கன்னு எங்கம்மா காலத்துல இருந்து சொல்றாங்க. அதுவும் வராது. ஆனா, உள்ள வரலாமான்னு என்னைய ஒருத்தராவது கேக்கணும்னு ஆசையா இருக்கு."

நடக்காததுக்கு ஏன் இந்த ஆசை என்று சலித்துக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை பொருத்தப் போனேன். வேலை முடிந்ததும் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இப்ப அடிங்க தம்பி."

அடித்தேன். கதவு உடனே திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல்.

"யாருங்க?"

பெயரைச் சொன்னேன். "உள்ள வரலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"வாங்க" என்று திறந்தார்.

நடக்காததுக்கு ஏன் ஆசை என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. அந்தப் பெல்லை இன்றுவரை வேறு எவரும் அடிக்கவில்லையாம். அக்கா மட்டும் பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்.