‘புதுச்சேரியில் முதன்முறையாக’ வீடியோ கேம்

போன வாரம் மகளுக்கு ஹெட்போன் வாங்கலாம் என்று புதிதாகத் திறந்த ஒரு ஷோரூமுக்குப் போனேன். வாசலிலேயே ஆளுயர பேனர். ‘புதுச்சேரியில் முதன்முறையாக... ஒரிஜினல் வீடியோ கேம் கன்சோல்கள்!’

முதன்முறையாகவா?

ஹெட்போனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாய் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். இந்த ஊருக்கு வீடியோ கேம் வந்தது எந்தக் கம்பெனி லாரியிலும் இல்லை – சொல்தா வீட்டுச் சூட்கேஸில்! சொல்தா என்றால் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பிரான்சிலேயே தங்கிவிட்ட நம்மூர்க் குடும்பங்கள், வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவை ஒட்டி லீவில் வருவார்கள். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு கேம் செட் கொண்டு வருவார்கள். ஆசையாக மாட்டினால்... படம் கறுப்பு வெள்ளையில் ஓடும். அந்த ஊர் டி.வி. முறை வேறு, நம்மூர் முறை வேறு.

அழுகிற பிள்ளையும் செட்டும் பாய் கடைக்கு வரும். செட்டைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன சர்க்யூட்டைப் பற்றவைப்பார். கலர் வந்துவிடும்.

அப்புறம் என்ன? காலாப்பட்டு யூனிவர்சிட்டி ஹாஸ்டல் மாணவர்கள்கூட கேம் செட் கேட்டு பஸ் பிடித்து வந்தார்கள். லீவு முடிந்து கிளம்பும் குடும்பங்களிடம் பாய் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்புவார். அடுத்த தேருக்கு எந்த மாடல், எத்தனை என்று. பின்னாளில் வந்த செட்டுகளில் கலர் பிரச்சினை இல்லை; ஆனால் சூட்கேஸில் வருவது மட்டும் நிற்கவில்லை. ஊருக்கே வருஷத்துக்கு ஒருமுறைதான் சரக்கு. கம்பெனிக்காரர்களோ, ‘பாண்டிச்சேரியா... சின்ன ஊர், அங்கே யார் வாங்குவார்கள்?’ என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வாங்குவார்கள் என்று ஒருநாள் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. டீலர் தேவை என்று விளம்பரம் வந்தது. பாய் அந்தப் பேப்பரோடு என் வீட்டுக்கு வந்தார்.

“சார், இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இது கெடச்சா கட நிமிர்ந்துடும். வேற எவனுக்காவது போச்சுன்னா, நான் மூட வேண்டிதுதான்.”

நமக்குத்தான் எழுது என்று யாராவது சொன்னால் போதுமே! இரண்டு பக்கம் எழுதினேன். எத்தனை வருட அனுபவம், பிரான்சிலிருந்து எப்படி வரவழைத்தார், செட்டைத் திறந்து சர்க்யூட்டை எப்படி மாற்றினார்... எல்லாம். தமிழில் சொல்லியும் காட்டினேன். பாய் கொஞ்சம் தயங்கினார்.

“சூட்கேஸ் விஷயம்லாம் போடணுமா சார்?”

“அதான் பாய் உங்க அனுபவமே! கம்பெனிக்காரன் அசந்துடுவான் பாருங்க.”

பதில் வந்தது. நாலே வரி. அனுமதியில்லாமல் வந்த சரக்கை விற்றவர், செட்டைத் திறந்து மாற்றியவர் – ஆகவே தகுதியில்லை. ஆதாரம்? ‘தாங்கள் அனுப்பிய கடிதம்.’

ஆமாம்... என் கடிதம்தான்.

டீலர்ஷிப் யாருக்குப் போனது? அதுவரை ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் மட்டுமே விற்றவருக்கு. இப்போது அந்த பேனரை வைத்திருப்பவரும் அவர்தான். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாதாம். எப்படிச் சொல்ல முடியும்? அவர்தான் எதுவுமே செய்யவில்லையே! நம் நாட்டில் சுத்தமான கைக்கு அதுதான் சுலப வழி. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வியாபாரத்தை உண்டாக்கிப் பாருங்கள், முதல் கேள்வியே ‘யாரைக் கேட்டுச் செய்தாய்?’ என்றுதான் வரும்.

ஷோரூம் வாசலிலிருந்து நேராக பாயைத் தேடிப் போனேன். கடையை மூடிவிட்டார். அதே தெருவில் தள்ளுவண்டி போட்டு மொபைல் கவர் விற்கிறார். பேனரைப் பற்றிச் சொல்லிவிட்டு, இத்தனை நாள் கேட்கத் துணியாததையும் கேட்டுவிட்டேன்.

“என் மேல கோவமா பாய்?”

“உங்க மேல என்னா சார் கோவம்? நல்லாத்தான் எழுதுனீங்க. ஒண்ணுகூட விடலியே.”

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. அவமானத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறேன் என்றேன்.

“உங்களப் பத்தி பத்திரிகையில எழுதறேன் பாய். அந்த பேனர் பொய்னு ஊருக்குத் தெரியட்டும்.”

கையிலிருந்த கவரைப் பதறிப்போய்க் கீழே வைத்தார்.

“எழுதுங்க சார்... பேரு மட்டும் போட்டுடாதீங்க.”

போடவில்லை. பேனரிலும் அவர் பேர் இல்லை... இங்கேயும் இல்லை.