உடைந்த சாமான் ஒன்று கொண்டு வரவும்

எங்கள் பள்ளியில் டூர் என்று சொல்லக் கூடாது. ஃபீல்டு ட்ரிப் என்றுதான் சொல்ல வேண்டும். டூர் என்றால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது. ஃபீல்டு ட்ரிப் என்றால் எங்கள் பிள்ளைகள் பீட்சா சாப்பிடப் போவது. முதலியார்பேட்டையில் இருக்கும் இந்தப் பள்ளியில் பதினோரு வருடமாக நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டுக்கும் வேறு வித்தியாசம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

ஒரு வருடம் ஐஸ்கிரீம் தயாரிக்கும் இடத்துக்குப் போனோம். அன்றைக்குக் கரண்ட் இல்லை, மிஷின் ஓடவில்லை. ஆளுக்கொரு கப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வருடம் ஒரு மாலுக்குப் போய், நகரும் படிக்கட்டில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினோம். ‘மாணவர்கள் நவீன தொழில்நுட்பத்தை நேரில் கண்டுணர்ந்தனர்’ என்று அறிக்கை எழுதியது வேறு யாருமல்ல, நான்தான். அதைப் படித்துக் கரஸ்பாண்டண்ட் என்னைப் பாராட்டினார். அவர் பாராட்டும்போது எனக்கு அவர்மேல் இருந்த இளக்காரம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

கரஸ்பாண்டண்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அந்த ஒரு தாத்தாவை வைத்துக்கொண்டு மனிதர் இன்றைக்கும் பிழைப்பு நடத்துகிறார். காலையில் பிள்ளைகள் ‘போன்ஜூர்’ சொல்லாவிட்டால் அவருக்கு இட்லி இறங்காது. அவருக்கு அதைத் தாண்டி நாலு வார்த்தை பிரெஞ்சு தெரியாது என்பது பிரெஞ்சு மிஸ்ஸுக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார். சம்பளம் வாங்குகிற யாரும் சொல்லமாட்டோம்.

போன வருடம் அறிவியலில் ‘எளிய இயந்திரங்கள்’ என்று ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. நெம்புகோல், திருகு, கப்பி. புத்தகத்தில் படம் இருக்கிறது. படத்தில் திருகாணியும் கப்பியும் ஒரே அளவு. அந்த வாரம் எங்கள் வகுப்பறைத் தாழ்ப்பாள் ஒருநாள் கழன்று தொங்கியது. நான் பியூனைக் கூப்பிட வெளியே போக இருந்தபோது, முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“எட்டு இஞ்ச் டவர் போல்ட்டு மிஸ். போல்ட்டு நல்லாதான் கீது. ஸ்க்ரூ மட்டும் போயிடிச்சி, முக்கா இஞ்ச் நாலு போட்டா போதும்” என்றாள்.

அந்தப் பெண் என் வகுப்பில் வாயே திறக்காதவள். சேர்ந்த முதல் மாதம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் தப்பாகச் சொல்ல, வகுப்பே கொல்லென்று சிரித்தது. அதோடு மூடிய வாய். கேள்வி கேட்டால் தலையாட்டுவாள், இல்லையென்றால் டெஸ்க்கைப் பார்ப்பாள். அவளுக்கு ஒன்பது வயது. அப்பா வில்லியனூர் பக்கம் ஒரு ஊரில் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். அம்மா தினமும் பஸ் ஏறி வந்து, எங்கள் பள்ளிக்கு நாலு தெரு தள்ளியுள்ள ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கிறார்.

அந்தக் கடை எனக்குத் தெரியும். முதலாளி பாய் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கடையை ஓட்டுவது கவுன்டரில் நிற்கும் அந்த அம்மாதான். அங்கே போகிறவர்கள் வீட்டில் உடைந்ததைக் கழற்றி ஒரு கவரில் போட்டு எடுத்துப் போக வேண்டும். அதுதான் முறை. வாஷரோ, கீலோ, குழாயின் தலையோ, அவர் அதை விரலிடுக்கில் உருட்டிப் பார்ப்பார். ஸ்கேல் எடுக்கமாட்டார். உள்ளே போய் அதற்கு ஜோடியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். வெறுங்கையோடு வந்து ‘இம்மாம் பெருசு இருக்கும்’ என்று கையைக் காட்டுகிறவர்களுக்குத் திட்டு விழும்.

“கையக் காட்டினா எனக்கு இன்னா தெரியும்? கழட்டி எடுத்துட்டு வா சார், போ.”

சாருக்குத் திட்டு விழுவதைப் பார்க்கவே நான் இரண்டு முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன்.

ஆக, ஃபீல்டு ட்ரிப்புக்கு அந்தக் கடை என்று முடிவு செய்தேன். முப்பத்தி நாலு பிள்ளைகளும் வீட்டிலிருந்து உடைந்த சாமான் ஒன்று கொண்டு வர வேண்டும். வரிசையில் நின்று கொடுக்க வேண்டும். அந்த அம்மா ஜோடியை எடுத்துத் தருவார். அதன் பெயரையும் அது செய்யும் வேலையையும் அவர் பெண் எல்லோருக்கும் சொல்வாள். அவளைப் பார்த்துச் சிரித்த முப்பத்தி மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அறிவியல் எல்லாம் சும்மா.

பிரின்ஸிபால் மேடம் என் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். அவர் எதையும் படிப்பதில்லை என்பதால் எனக்குப் பல நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை.

“இங்கயா டீச்சர்? இந்தக் கடைக்கா?”

“இங்கதாங்க.”

“பாப்பா பேசுவாளா?”

“பேசுவா. அவளைத்தான் பேசச் சொல்லப்போறேன்.”

அவர் புடவைத் தலைப்பால் கவுன்டரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கடை அடையாளமே தெரியவில்லை. ஆசிட் பாட்டிலும் பிளேடும் மேல் தட்டுக்குப் போயிருந்தன. ஸ்க்ரூ டப்பாக்களின் அட்டையை வெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. எழுத்து என் வகுப்புப் பெண்ணுடையது. எந்த நாளிலும் நிற்காத பைப் லோடு இறக்குவதை, ட்ரிப் வைத்திருந்த வியாழக்கிழமை காலை மட்டும் நிறுத்தி வைக்கப் பாய் ஒத்துக்கொண்டாராம். பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கித் தருகிறேன் என்று வேறு சொன்னார்.

அடுத்த வாரம் கரஸ்பாண்டண்ட் அறையில் மீட்டிங். அவர், பிரின்ஸிபால் மேடம், பெற்றோர் சார்பில் ஒரு அம்மாள், நான். அந்த அம்மாளுக்கு இரண்டு கார், ஒரு பிள்ளை. ‘பேரன்ட்ஸ் எல்லாருமே ஃபீல் பண்றாங்க’ என்று ஆரம்பித்தால் அவர் தனக்குப் பிடிக்காததைச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

“பேரன்ட்ஸ் எல்லாருமே ஃபீல் பண்றாங்க சார். ஆணிக்கடைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கா இவ்ளோ ஃபீஸ் கட்றோம்? கவுன்டர்ல நிக்கிறவங்க கிட்ட பசங்க என்ன கத்துக்கும்?”

ஈ.சி.ஆரில் ஒரு பெரிய ஷோரூம் திறந்திருக்கிறது, இத்தாலிக் குழாய், குளியலறைச் சாமான் எல்லாம் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், முழுக்க ஏ.சி., முதலாளி தன் கணவருக்கு ஃபிரெண்ட் என்றார். கரஸ்பாண்டண்டின் முகம் மலர்ந்தது. இத்தாலிக் குழாய் என்று காதில் விழுந்ததும் அவருக்குத் தாத்தா ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அந்தக் கடைய எதுக்குப் புடிச்சீங்க மிஸ்? அங்க உங்களுக்கு வேண்டியவங்க யாராச்சும் இருக்காங்களா?”

இருக்கிறார்கள் சார், என் வகுப்புப் பெண்ணின் அம்மா இருக்கிறார், இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் நம் நாலு பேரையும்விட அவருக்கு வேலை தெரியும் என்று சொல்லியிருக்கலாம். வாக்கியம் முழுதாக நாக்கில் இருந்தது. நான் சொன்னது வேறு.

“இல்ல சார். பக்கத்துல இருக்கேன்னு சொன்னேன், அவ்ளோதான்.”

பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கொண்டேன்.

புதுச் சர்க்குலர் போனது. ஆபீஸில் இருந்தவர் பழையதில் இடத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே அச்சடித்திருந்தார். ஆகவே, ‘உடைந்த சாமான் ஒன்று கொண்டு வரவும்’ என்ற வரி அதிலும் இருந்தது. இத்தாலிக் குழாய் விற்கும் இடத்தில் உடைந்த கீலை வைத்து என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் கிளம்பிய கவலை வேறு.

‘எங்கள் வீட்டில் உடைந்த பொருள் எதுவும் வைத்துக்கொள்வதில்லை, வாஸ்துப்படி ஆகாது’ என்று ஒருவர் எழுதினார். உடனே பத்துப் பேர் அதையே எழுதினார்கள். உடைந்த குழாய் இருக்கும் வீடு என்று யாரும் தங்களை நினைத்துவிடக் கூடாது. ‘புதுசு வாங்கிக் கொடுக்கலாமா மிஸ்?’ என்று கேட்டார்கள். உடைந்த சாமானைப் புதிதாக வாங்க நினைக்கும் கூட்டத்துக்கு என்ன பதில் சொல்வது? கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு போனை மூடினேன்.

கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டிய வேலை மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு நாள் வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன். பெற்றோர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டே வேறு தெருவில் நடந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள். இந்த முறை அவளாகவே பேசினாள். மெதுவாக, கதவைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“மிஸ், அம்மாகிட்ட டூர் கேன்சல்னு சொல்லிட்டேன். மழ வரும்னு கவர்மெண்ட்ல வேணான்ட்டாங்கன்னு சொன்னேன். சர்க்குலர காட்டல.”

திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினேன்.

“நாளைக்கு எனக்கு ஜுரம் மிஸ். நான் வரல. நீங்களும் அம்மாகிட்ட மழன்னே சொல்லிடுங்க மிஸ். வேற கடைக்குப் போறோம்னு மட்டும் சொல்லாதீங்க.”

சரி என்றேன். உண்மையைச் சொல்லட்டுமா, அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. என்ன சொல்வது என்று இரண்டு நாளாகத் தெரியாமல் இருந்தது, ஒன்பது வயதுப் பெண் எழுதிக் கையில் கொடுத்துவிட்டாள். பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன்.

பெட்டிகளில் அட்டைகள் அப்படியே ஒட்டியிருந்தன. அந்த அம்மா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

“டூர் கேன்சல் ஆயிடுச்சுங்க. மழை வரும்னு மேலேருந்து சொல்லிட்டாங்க” என்றேன்.

“ஆமாங் டீச்சர், பாப்பாவும் சொன்னா.” பொட்டலத்தைக் கட்டினார். “அதுக்கு இன்னா பண்றது. மழய யார் தடுக்க முடியும்.”

வெளியே கண் கூசும் வெயில். ஒரு கார் வந்து நின்று, அதிலிருந்து ஒருவர் இறங்கினார். என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா.

“அட, மிஸ்! நீங்களும் இங்கதானா? நாளைக்கு பஸ் எட்டரைக்குத்தானே? ஷோரூம்ல ஏ.சி. ஜாஸ்தியாமே, ஸ்வெட்டர் குடுத்து அனுப்பட்டுமா?” என்றார். நான் பதில் தேடுவதற்குள் கவுன்டர் பக்கம் திரும்பிவிட்டார். “ஏம்மா, ஸ்கூலுக்கு ஒடைஞ்ச டேப் ஒண்ணு வேணும். புதுசு குடுத்து, கொஞ்சம் ஒடச்சிக் குடுங்களேன்.”

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். ஜோடி வாங்கிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய சாமான்கள் அதில் கிடந்தன. தலை போன குழாய் ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

“காசு வேணாம் சார். இதே போல ரெண்டு நாளா வந்து எடுத்துட்டுதான் போறாங்க.”

கார் போய்விட்டது. பாய் கல்லாவில் நோட்டு எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். நான் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். இந்தக் கவுன்டரில் எத்தனையோ சார்களுக்கு விழுந்த திட்டில் ஒன்று எனக்கும் விழுந்தால் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று இருந்தது.

அவர் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார்.

“எனக்குத் தெரியும்னு பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்” என்றார். “எனக்குக் கஷ்டமாயிடும்னுதான் அது அப்படிச் சொல்லியிருக்குது.”

மறுநாள் ஷோரூமுக்குப் போனோம். முப்பத்தி மூன்று பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குள் இருந்த குழாய்களைப் பார்த்தார்கள். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் ஜூஸ் கிடைத்தது. கொண்டு வந்த சாமான்களை ஒருவரும் கேட்கவில்லை, வரும்போது பஸ் சீட்டுக்கு அடியில் பாதி கிடந்தன. கரஸ்பாண்டண்டுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பெல் அடிப்பதற்கு முன்பே அந்தப் பெண் வகுப்பில் இருந்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து மேஜைக்கு வந்தாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மிஸ்?”

“சொல்லிட்டேன்.”

“நம்பிட்டாங்களா?”

“நம்பிட்டாங்க” என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்தது. அதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை.

“தேங்க்ஸ் மிஸ்” என்றாள்.