ஒன்பது இஞ்ச் சுவர் வைத்த விண்கலம்

நான் வரைந்த விண்கலத்தில் சமையலறை தென்கிழக்கு மூலையில் இருந்தது. விண்வெளியில் ஏது தென்கிழக்கு என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. காகிதத்தின் மேல் விளிம்பு வடக்கு. நான் வரைந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படித்தான். கப்பலுக்கு மட்டும் தனிச் சட்டமா?

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் வீட்டு பிளான் போடும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பெருங்களத்தூர், வண்டலூர், படப்பை என்று எங்கே பார்த்தாலும் கல் நட்டு மனை பிரித்த காலம். மனை வாங்கியவர்கள் எல்லோரும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வீடுதான் வேண்டியிருந்தது. வாசலில் நிற்பவர் கண்ணுக்கு பெட்ரூம் தெரியக்கூடாது. சமையலறை அக்கினி மூலையில் வரவேண்டும். பாத்ரூம் ஒன்று போதும், ஆனால் அது அட்டாச்டாகவும் இருக்கவேண்டும், வருகிறவர்களுக்கும் ஆகவேண்டும். அதனால் அதற்கு இரண்டு கதவு வைப்போம், பெட்ரூமிலிருந்து ஒன்று, நடையிலிருந்து ஒன்று.

இரண்டு கதவு பாத்ரூமோடு வாழாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். உள்ளே போகிறவர் இரண்டையும் தாழிட்டுக்கொண்டு, வரும்போது ஒன்றை மட்டும் திறந்து வந்துவிடுவார். மற்ற கதவுக்கு வெளியே நிற்பவர் பாடு திண்டாட்டம். வேண்டாம் சார், பின்னால் வருத்தப்படுவீர்கள் என்று படப்பைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ வரைம்மா" என்றார். வரைந்தேன். வாரத்துக்கு இரண்டு பாத்ரூமாவது அப்படி வரைந்திருப்பேன், கை தானாகவே போகும் அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் விண்கலம் ஓட்டினேன். பெருங்களத்தூரில் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில் ஓர் அக்கா இருந்தாள். தினமும் ஒரே பஸ்ஸில் போய்ப் பழக்கமானவள். அவள் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா அதை முழுக்கப் படித்து, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஆட்டம் இதுதான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம், எல்லோரும் ஒரே விண்கலத்தில் வேலை செய்கிறவர்கள். அக்கா கதையைச் சொல்லி, எங்களுக்கு எதிரான எல்லாவற்றையும் அவளே ஆடுவாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும், நடந்ததா இல்லையா என்று டைஸ் முடிவு செய்யும். கேப்டனோடு கப்பல் ஊர் போய்ச் சேர்ந்தால் ஜெயித்தோம். கப்பலின் தளப்படத்தை மேஜையில் விரித்து, அதன்மேல் கேரம் காய்களை நகர்த்துவோம். அக்காவின் வீட்டுக்காரர் இன்ஜின் மெக்கானிக். நான் கப்பல் ஓட்டி. கேப்டன், என் கூடப் படித்தவன். தாம்பரம் மார்க்கெட்டில் அவர்கள் குடும்பத்துக்கு ஹார்ட்வேர் கடை. மதியத் தொழுகை முடித்துவிட்டு நேராக வந்துவிடுவான். கேப்டனுக்கு மட்டும் சிவப்புக் காய்.

மூன்று வருடம் ஆடினோம். ஒரு தடவைகூட ஊர் போய்ச் சேரவில்லை. அக்கா எங்கள் கப்பல்களை விதவிதமாகத் தின்றாள். வீட்டில் அவ்வளவு சாது, டைஸைக் கையில் எடுத்தால் இரக்கம் என்பதே கிடையாது. புத்தகத்து விதிப்படி விண்கலத்தின் கதவுகள் கெட்டி, அறைகளை மறிக்கும் தகடுகள் மெல்லிசு. அக்காவின் கொள்ளைக்காரர்கள் கதவைத் தொடவே மாட்டார்கள். பக்கத்துத் தகட்டை ஒரே சுற்றில் அறுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். கேப்டனைப் பிடித்தால் கப்பல் போச்சு. புத்தகத்தில் இருந்த படங்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

அப்போதுதான் கேப்டனாக ஆடியவனுக்குத் துபாய் விசா வந்தது. அங்கே மாமா கடையில் வேலை, எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. இன்னும் இரண்டே ஞாயிறு.

"நம்ம கேப்டன் உயிரோட வூடு போய்ச் சேரணும். அத பாத்துட்டுத்தான் நான் ஏரோப்ளேன் ஏறுவேன்" என்றான் என்னிடம், கடை வாசலில் நின்றபடி. "புக்ல கீற கப்பல் எதுவும் உதவாது. அக்காவுக்கு எல்லாம் அத்துப்படி. நீ ஒண்ணு போடேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் கண்ணில் விளையாட்டு இல்லை. கிளம்புகிற எவனும் வீட்டைப் பற்றி நேராகப் பேசமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. சரி என்று சொன்னேன்.

அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளை எல்லாம் கப்பலுக்குத்தான். எங்கள் அலுவலகத்து சாரிடம் கேட்டேன். "வேலை நிக்காம பாத்துக்கோ" என்று விட்டுவிட்டார். ஒரு கையில் தயிர்சாதம், மறு கையில் மவுஸ். மூன்று தளம், ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் ஒரு லேயர், கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றை அணைத்து ஒன்றை ஏற்றிப் பார்த்தால் கீழ்த்தளத்து ஏணி மேல்தளத்து ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று தெரிந்துவிடும். குழாய்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. சரக்கு ஏற்றும் கதவைத் திறந்து உள்ளே வந்தால் ஒரு ஹால். அங்கே நின்றால் எந்த அறையும் கண்ணில் படாது. கேப்டன் அறைக்குப் பாத்ரூம் வரைந்தபோது கை தானாகப் போய் இரண்டு கதவு வைத்தது. பார்த்துச் சிரித்தேன், அழிக்கவில்லை. மூன்று பேர் வாழ்கிற கப்பலுக்கு ஒரே பாத்ரூம், வேறு என்ன செய்வது? சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகாக நான் அதுவரை எதையும் வரைந்ததில்லை.

அக்காவின் சட்டம் ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிறே படத்தைக் கொடுத்துவிடவேண்டும். அவள் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அதன்பின் காகிதத்தில் இருப்பதுதான் கப்பல், ஒரு கோடு மாற்றக்கூடாது. அது இரண்டு பக்கத்துக்கும் பொது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பெரிய தாளில் பிரின்ட் எடுத்து, சுருட்டி, பஸ் கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

அக்கா ஸ்கேலை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"ஏண்டி, சுவர் ஒன்பது இஞ்சா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அலுவலகத்தில் புதுப் படம் திறந்தால் சுவருக்கான இரட்டைக்கோடு ஒன்பது இஞ்சில் தயாராக நிற்கும். செங்கல் சுவரின் கனம் அது. உள்சுவர் என்றால் குறைத்துக்கொள்ள வேண்டும். நான் கப்பல் முழுக்க, உள்ளும் புறமும், அதே கோட்டை ஓட்டியிருக்கிறேன்.

"பூச்சு வேலைக்கு ஆள் சொல்லியாச்சா?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கணக்குப் போட்டாள். விண்கலத்தில் செங்கல் ஏது, ஒன்பது இஞ்சும் இரும்புதான். அவ்வளவு கனத்தோடு கப்பல் ஆமை வேகத்தில்தான் போகும், எந்தக் கொள்ளைக்காரனும் துரத்திப் பிடித்துவிடுவான். அப்படியே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் கெடுத்துவிட்டேனே என்று திரும்பிப் பார்த்தேன். அவன் படத்தின்மேல் குனிந்து கேப்டன் அறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் பேஜாராவாத" என்றான். "நல்லாத்தான் கீது."

கடைசி ஞாயிறு. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்தேன். அவன் எனக்கு முன்னால் வந்து, காய்களை அடுக்கி வைத்திருந்தான்.

எதிர்பார்த்தபடியே ஊரை நெருங்கும்போது கொள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். எங்களால் ஓட முடியவில்லை. அக்கா ஐந்து கறுப்புக் காய்களை சரக்கு ஏற்றும் கதவு வழியாக ஹாலில் கொண்டுவந்து வைத்தாள். அங்கே முதல்முறையாகத் தயங்கினாள். ஹாலிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஒரு வீட்டுக்குள் வழி தெரியாமல் நிற்கிற விருந்தாளியாக அவள் தடுமாறுவதைப் பார்க்க எனக்கு இனித்தது.

அப்போது அவன் சிவப்புக் காயை அறை வாசலுக்கு நகர்த்தி, "நான் சத்தம் போட்டுக் கூப்பிடறேன்" என்றான். "இங்கதான்டா கீறேன், வாங்கடான்னு."

"என்ன செய்யறே நீ?" என்றேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அவள் காய்களைப் பிரித்து அனுப்புகிறவள் இல்லை, ஐந்தும் ஒன்றாகத்தான் பாயும். கேப்டன் அறைக்குள் பின்வாங்கினார், ஐந்தும் உள்ளே நுழைந்தன. அடுத்த நகர்வில் சிவப்புக் காய் பாத்ரூமுக்குள் போயிற்று.

"உள்ள தாப்பா போட்டுட்டேன்" என்றான்.

"போட்டுக்கோ" என்றாள் அக்கா. "எத்தனை நேரம் பாத்ரூம்லயே இருப்பே?"

அவன் எங்கள் பக்கம் திரும்பினான். "நடைப் பக்கக் கதவு யாரு பாத்துக்கறீங்க?"

அந்த இரண்டாவது கதவு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்காவின் வீட்டுக்காரர் உடனே தன் காயை நடைக்கு நகர்த்தினார். "நான் தொறந்து விடறேன்" என்றார். அவர்கள் வீட்டிலும் இரண்டு கதவு பாத்ரூம்தான், அங்கே அந்தக் கதவை ஒருநாளும் திறந்து வைக்காத மனிதர். நான் என் காயைக் கேப்டன் அறையின் வாசலுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

"நில்லு" என்றாள் அக்கா. "விண்கலத்துக் கதவுல வெளித்தாழ்ப்பாள் ஏது?"

"வெளித் தாப்பா இல்லாத ரூம் கதவை நான் இன்னும் பாத்ததில்லக்கா" என்றான் ஹார்ட்வேர் கடைக்காரன். "ஒவ்வொரு வூட்டுக்கும் நான்தான் எடுத்துக் குடுக்கறேன். படத்துல கீது பாரு."

இருந்தது. எங்கள் அலுவலகத்தில் கதவு என்று ஒன்றை எடுத்துப் படத்தில் வைத்தால், தாழ்ப்பாளும் சேர்ந்தே வரும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. அக்கா குனிந்து பார்த்தாள். கீழே அவள் கையெழுத்தும் இருந்தது. சிவப்புக் காய் பாத்ரூமிலிருந்து நடைக்கு வந்து நின்றது. கறுப்புக் காய் ஐந்தும் அறைக்குள்.

"சரி" என்றாள் நிதானமாக. "சுவரை அறுக்கறாங்க."

அவளே ஸ்கேலை எடுத்தாள், பாதி வழியில் நிறுத்தினாள். முகம் மாறியதை நான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

"இஞ்சுக்கு ஒரு சுற்று. அதுதான் நியாயம்" என்றார் அவள் வீட்டுக்காரர்.

ஒன்பது சுற்று. நான் என் காயை ஓட்டும் அறைக்குக் கொண்டுபோய்க் கப்பலைக் கையில் எடுத்தேன். ஆமை வேகத்தில் தரையிறங்க எட்டுச் சுற்று ஆகும், டைஸ் ஒன்று சறுக்கினாலும் ஒரு சுற்று கூடும் என்று அக்கா அறிவித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் டைஸ் போட்டேன், அவள் ஓர் இஞ்ச் அறுத்தாள். ஐந்தாவதில் டைஸ் மேஜைக்குக் கீழே உருண்டது, திரும்பப் போடச் சொன்னாள், போட்டேன். ஏழாவதில் அவள் நெற்றி வியர்த்தது. எட்டாவது டைஸைப் போட்டுவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். இறங்கிவிட்டோம். சுவரில் இன்னும் ஓர் இஞ்ச் பாக்கி.

மூன்று வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கத்தியது அன்றுதான். கீழ் வீட்டிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஜெயிச்சுட்டோம் என்று பால்கனியில் நின்று சொன்னேன். கிரிக்கெட் என்று நினைத்து அவர்களும் கை தட்டினார்கள்.

உள்ளே வந்தபோது அக்கா ஸ்பைரல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று அவள் எழுதி வைக்கவே இல்லை. தேவைப்படும் என்று நினைக்கவில்லையாம். புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நீயே சொல்லு. கேப்டன் வீட்ல யார் இருக்கா?"

அவன் காயைக் கையில் எடுத்தான். காகிதத்தில் கப்பல் மட்டும்தான் இருந்தது, ஊரை நான் வரையவில்லை. அதனால் காகிதத்தைத் தாண்டி மேஜைமேல் வைத்தான்.

"அம்மா இருக்காங்க" என்றான். "கதவைத் தொறந்து பாத்துட்டு, வந்துட்டியா, சாப்டியான்னு கேக்கறாங்க. இல்லம்மா, இனிமேதான்னு சொல்றாரு. உள்ள போறாரு. அவ்ளோதான்க்கா."

அக்கா தலையசைத்தாள். "நடந்தது" என்றாள், எங்கள் ஆட்டத்தில் எதையாவது உறுதி செய்யும்போது சொல்கிற அதே குரலில்.

புதன்கிழமை அவன் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினான். எங்கள் ஆட்டத்துக் கேப்டன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.